தானாகவே விடுவதா, கையால் பதிவதா: ஸ்டோரேஜ் சுவிட்ச் போர்ட்களை அமைப்பதில் ஓர் ஒப்பீடு

புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு நிறுவனத்தின் தரவு அறையும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் அதன் மாற்று அறையும் என் பராமரிப்பில் உள்ளன. நெல்லித்தோப்பில் ஆறு சர்வர்கள், எல்லாவற்றுக்கும் பொதுவான வட்டுத் தொகுதியாகிய ஒரு ஸ்டோரேஜ், ஒரு டேப் நூலகம் ஆகியவை, சர்வரையும் வட்டையும் இணைக்கும் ஃபைபர் சேனல் என்னும் வலையமைப்பின் இரண்டு சுவிட்ச்களின் வழியே இணைந்திருக்கின்றன. மஞ்சக்குப்பத்தில் இன்னொரு ஸ்டோரேஜும் இரண்டு சர்வர்களும் உள்ளன. பழைய 8 ஜி (விநாடிக்கு 8 கிகாபிட்) சுவிட்ச்களின் பராமரிப்பு ஒப்பந்தம் முடிவுக்கு வந்ததால், 24 போர்ட் கொண்ட 32 ஜி சுவிட்ச்கள் நான்கை வாங்கி, ஓர் அறைக்கு இரண்டாக வைத்தோம். பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் அவற்றின் எல்லாப் போர்ட்களும் தானியங்கி நிலையில் இருந்தன. கேபிளைச் செருகினால் வேகத்தைப் போர்ட்டே தீர்மானித்துக்கொள்ளும்; எதிரே இருப்பது சர்வரா, இன்னொரு சுவிட்சா என்பதையும் அதுவே கண்டுகொள்ளும். இதை இப்படியே விட்டுவிடலாம் என்றனர் எங்கள் குழுவில் சிலர். ஒவ்வொரு போர்ட்டையும் கையால் பதிந்து பூட்ட வேண்டும் என்றனர் வேறு சிலர். இரு தரப்பிலும் நியாயம் இருந்ததால், ஒவ்வோர் அமைப்பையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு ஒப்பிட வேண்டியதாயிற்று.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. இரு முனைகளும் தமக்குள் பேசி உறுதிசெய்துகொள்ளக்கூடிய எதையும் சுவிட்சிடம் விட்டுவிடலாம் என்றும், ஒரு போர்ட்டை நாம் எதற்காக ஒதுக்கியிருக்கிறோம், இரு முனைகளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்னும் இரண்டையும் சுவிட்ச் அறிய வழியில்லாததால் அவற்றை நாமே எழுத வேண்டும் என்றும் நான் வாதிட்டேன். கீழே சொல்லப்போகும் முடிவுகள் எல்லாம் இதிலிருந்து வந்தவை.

முதலில் வேகம். போர்ட்டில் செருகி, ஃபைபர் கேபிளை ஏற்கும் சிறு ஒளிக்கருவிக்கு எஸ்எஃப்பி என்று பெயர். ஃபைபர் சேனலில் ஒவ்வொரு தலைமுறை எஸ்எஃப்பியும் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறைகளோடு பேசும். ஆகவே 32 ஜி எஸ்எஃப்பி 32, 16, 8 ஆகிய மூன்று வேகங்களில் இயங்கும். 4 ஜி கருவியோடு அது இணையவே இணையாது. நெல்லித்தோப்பு சர்வர்களில் நான்கில் 16 ஜி இணைப்பு அட்டைகளும் இரண்டில் 8 ஜி அட்டைகளும் இருக்கின்றன. தானியங்கி நிலையில் விட்டால் இரு முனைகளும் பொதுவாக ஏற்கக்கூடிய மிக உயர்ந்த வேகத்தில் இணைப்பு எழும். நாளை ஒரு சர்வரில் 32 ஜி அட்டையைப் பொருத்தினால் சுவிட்சில் எதையும் தொட வேண்டியதில்லை. இந்த வசதி சிறியதன்று, ஏனெனில் அட்டை மாற்றுவது பெரும்பாலும் இரவு நேரத்தில், அவசரத்தில் நடக்கும் வேலை.

அதே வசதிக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கேபிள் மடிந்திருந்தாலோ, இணைப்பி முனையில் தூசி படிந்திருந்தாலோ, 16 ஜி வேகத்தில் சமிக்ஞை நிலைக்காமல் 8 ஜி வேகத்தில் இணைப்பு எழுந்துவிடக்கூடும். விளக்கு பச்சையாகவே எரியும். சர்வரும் வேலை செய்யும். பாதி வேகத்தில் ஓடுகிறது என்பது மட்டும் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. வேகத்தைக் கையால் பதிந்திருந்தால் அந்த இணைப்பு எழாமலே இருக்கும் அல்லது பிழைகளோடு தள்ளாடும். எப்படியிருந்தாலும் கோளாறு உடனே கண்ணில் படும். கடற்கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே உள்ள எங்கள் அறைகளில் இது வெறும் கற்பனை அல்ல. உப்புக்காற்றும் ஈரமும் படியும் இடத்தில் மூடியில்லாமல் கிடக்கும் எஸ்எஃப்பியின் வாயும், தொங்கவிடப்பட்ட கேபிளின் முனையும் எவ்வளவு விரைவில் கெடுகின்றன என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டையும் எடைபோட்டு, சர்வர் போர்ட்களைத் தானியங்கி வேகத்தில் விட்டோம். ஆனால் ஒவ்வொன்றும் எந்த வேகத்தில் எழ வேண்டும் என்பதைக் கண்காணிப்பு மென்பொருளில் எழுதி, அதைவிடக் குறைந்தால் எச்சரிக்கை வருமாறு செய்தோம். ஸ்டோரேஜ் போர்ட்களின் வேகத்தைக் கையால் பதிந்தோம். ஸ்டோரேஜின் அட்டையை எவரும் நள்ளிரவில் மாற்றப்போவதில்லை. அங்கு ஒரு போர்ட் வேகம் குறைந்து எழுந்தால் ஒரு சர்வர் மட்டுமல்ல, எல்லா சர்வர்களும் பாதிக்கப்படும். பதியும்போது சுவிட்ச் முனை, ஸ்டோரேஜ் முனை ஆகிய இரண்டிலும் ஒரே வேகத்தைப் பதிய வேண்டும். மேலும், வேகத்தை மாற்றும் கட்டளை அந்தப் போர்ட்டை ஒரு கணம் துண்டித்து மீண்டும் எழுப்பும் என்பதால், ஒன்றுக்கொன்று மாற்றாகத் தனித்தனியே வைத்த ஏ, பி என்னும் இரு ஃபேப்ரிக்குகளில் (சுவிட்ச் வலைகளில்) ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே தொட வேண்டும்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது பலர் கவனிக்காமல் விடுவது வேகப் பொருத்தம். ஸ்டோரேஜ் 32 ஜி வேகத்திலும் ஒரு சர்வர் 8 ஜி வேகத்திலும் இருக்கும்போது அந்த சர்வர் ஒரு பெரிய கோப்பைப் படிக்கிறது என்று கொள்வோம். ஸ்டோரேஜ் ஒரு விநாடிக்கு 3,200 மெகாபைட் (எம்பி) வரை தள்ளும் ஆற்றல் உடையது. சர்வரால் வாங்க முடிந்ததோ 800 எம்பி. ஃபைபர் சேனலில் ஒரு ஃபிரேமை (தரவுப் பொதியை) அனுப்ப வேண்டுமென்றால் எதிர்முனையில் இடம் இருக்கிறது என்பதற்கு அடையாளமான பஃபர் கிரெடிட் கையில் இருக்க வேண்டும். இடம் நிரம்பியவுடன் சுவிட்ச் ஸ்டோரேஜுக்குக் கிரெடிட் தராமல் நிறுத்தும். அப்போது அதே ஸ்டோரேஜ் போர்ட்டிலிருந்து தரவை எதிர்பார்த்து நிற்கும் வேகமான சர்வர்களும், தம் தவறு ஏதுமின்றி, வரிசையில் காத்திருக்க நேரும். குறுகிய சந்துக்குள் திரும்ப நிற்கும் ஒரு லாரிக்குப் பின்னால் நேரே செல்ல வேண்டிய பேருந்துகளும் நிற்பதைப் போன்றது இது. காத்திருப்பு நீண்டு, வழக்கமான 500 மில்லிசெகண்டு வரம்பைத் தாண்டினால் சுவிட்ச் அந்த ஃபிரேமையே எறிந்துவிடும். சர்வரில் அது வட்டுப் பிழையாகத் தெரியும்.

தானியங்கி நிலைக்கு இந்த நிலைமையைப் பற்றி ஏதும் தெரியாது. ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளும் தமக்குள் சரியாகத்தான் பேசிக்கொண்டிருக்கின்றன. தீர்வுகள் மூன்று. ஸ்டோரேஜின் எல்லாப் போர்ட்களையும் 16 ஜி வேகத்துக்கு இறக்கி, வேக இடைவெளியை நான்கு மடங்கிலிருந்து இரண்டு மடங்காகக் குறைக்கலாம். பழைய சர்வர்களின் அட்டைகளை மாற்றலாம். அல்லது ஸ்டோரேஜின் போர்ட்களில் இரண்டை, ஃபேப்ரிக்குக்கு ஒன்றாக, 8 ஜி வேகத்தில் பதிந்து, பழைய சர்வர்கள் அவற்றை மட்டுமே காணுமாறு ஸோனிங் (எது எதைக் காணலாம் என்னும் வரையறை) செய்யலாம். முதலாவது எளிது, ஆனால் வாங்கிய வேகத்தை எல்லோருக்கும் குறைக்கிறது. இரண்டாவது முறையானது, ஆனால் இன்னும் ஓராண்டில் ஓய்வு பெறவுள்ள சர்வர்களுக்குப் புது அட்டை வாங்க ஒப்புதல் பெறுவது கடினம். எங்கள் ஸ்டோரேஜில் எட்டுப் போர்ட்கள் இருந்ததாலும், அதன் 32 ஜி போர்ட் 8 ஜி வேகத்தையும் ஏற்பதாலும், மூன்றாவதைத் தேர்ந்தோம். நான்கே போர்ட் கொண்ட ஸ்டோரேஜாக இருந்திருந்தால் முதலாவதையே தேர்ந்திருப்பேன். ப்ரோகேட் நிறுவன வகைச் சுவிட்ச்களில், கிரெடிட் இல்லாமல் ஒரு போர்ட் காத்திருந்த நேரத்தை 2.5 மைக்ரோசெகண்டு அலகுகளில் எண்ணும் கணக்கு ஒன்று உண்டு. மாற்றத்துக்கு முன்பும் பின்பும் அந்த எண்ணைக் குறித்துவைப்பவருக்கு, தாம் எடுத்த முடிவு சரியா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது போர்ட்டின் வகை. சர்வரோ ஸ்டோரேஜோ இணைந்தால் அது எஃப் போர்ட். இன்னொரு சுவிட்ச் இணைந்தால் அது ஈ போர்ட். தானியங்கி நிலையில் ஒரே போர்ட் இரண்டில் எதுவாகவும் ஆகும். இங்குதான் நம் எண்ணத்தைச் சுவிட்ச் அறியாது என்ற வாதம் முழு வலிமையோடு நிற்கிறது. யாரோ ஒருவர் பரிசோதனைக்காகக் கொண்டுவந்த பழைய சுவிட்சை ஒரு காலியான போர்ட்டில் செருகினால், இரண்டு சுவிட்ச்களும் ஒரே ஃபேப்ரிக்காக இணைய முயலும். சுவிட்சுக்குரிய அடையாளமான டொமைன் எண்கள் மோதினாலோ ஸோன் பட்டியல்கள் முரண்பட்டாலோ பிரிந்து நிற்கும். முரண்படாமல் ஒன்றின் பட்டியல் வெறுமையாக இருந்தால் மற்றதன் பட்டியல் அதற்கும் சென்று சேரும். அதைவிட மோசமானது, அவசரத்தில் ஏ சுவிட்சையும் பி சுவிட்சையும் ஒரு கேபிளால் இணைத்துவிடுவது. ஒன்று வீழ்ந்தாலும் மற்றது நிற்க வேண்டும் என்பதற்காகவே தனித்தனியே வைத்த இரண்டும் அந்த ஒரு கேபிளால் ஒன்றாகிவிடும். இதற்கு எதிரான வாதமாக, வகையைப் பூட்டினால் பிற்காலத்தில் விரிவாக்கம் கடினமாகும் என்று சொல்லப்பட்டது. ஒரு கட்டளையில் திறக்கக்கூடிய பூட்டை நான் கடினம் என்று கருதவில்லை. சர்வர், ஸ்டோரேஜ், டேப் ஆகியவற்றுக்கான போர்ட்கள் எல்லாவற்றிலும் ஈ போர்ட் ஆகும் வழியை அடைத்தோம். சிஸ்கோ எம்டிஎஸ் வகையில் இதே வேலையைப் போர்ட் முறையை எஃப் என்று பதிவதால் செய்யலாம். எம்டிஎஸ் வைத்திருப்பவர்கள் கூடவே ஒன்றையும் கவனிக்க வேண்டும்: எல்லாப் போர்ட்களும் தொடக்கத்தில் விசான் 1 என்னும் பொதுப் பகுதியிலேயே இருக்கும், வேலைக்குரிய போர்ட்களை வேறொரு விசானுக்கு மாற்றிவிடுவது நல்லது.

பயன்படுத்தாத போர்ட்களை முடக்கிவிட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடே எழவில்லை. ஆனால் ப்ரோகேட் வகையில் சாதாரண முடக்கம் சுவிட்ச் மறுதொடக்கம் ஆனதும் நீங்கிவிடும். நிலையான முடக்கத்துக்குத் தனிக் கட்டளை உண்டு. மின்வெட்டு மிகுந்த புயல் காலத்தில் இந்த வேறுபாடு பொருளுள்ளது.

ஸோனிங்கில்தான் நாங்கள் அதிக நேரம் விவாதித்தோம். எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜ் போர்ட்டைக் காணலாம் என்பதை இரண்டு முறைகளில் எழுதலாம். சுவிட்சின் டொமைன் எண்ணையும் போர்ட் எண்ணையும் கொண்டு எழுதுவது ஒன்று. அட்டைக்குள் பதிந்திருக்கும் டபிள்யூடபிள்யூஎன் என்னும் 64 பிட் அடையாள எண்ணைக் கொண்டு எழுதுவது மற்றொன்று. போர்ட் வழி எழுதினால் பழுதான அட்டையை மாற்றியபின் ஸோனைத் திருத்த வேண்டியதில்லை. எந்தத் துளையில் செருகியிருக்கிறதோ அந்தத் துளைக்கு உரிய உரிமை அப்படியே தொடரும். பாதுகாப்பிலும் அதற்கு ஒரு நன்மை உண்டு: அடையாள எண்ணை மென்பொருளால் மாற்ற முடியும், துளையை மாற்ற ஒருவர் அறைக்குள் வந்தாக வேண்டும். அடையாள எண் வழி எழுதினால் கேபிளை எந்தத் துளைக்கு மாற்றினாலும் உரிமை அட்டையோடு கூடவே செல்லும். ஒரு போர்ட் பழுதானால் பக்கத்துப் போர்ட்டில் செருகி, அதைத் திறந்தால் போதும்.

இதில் என் கருத்தைத் தீர்மானித்தது ஓர் அனுபவம். முன்பு நான் பணிசெய்த ஓரிடத்தில், தரைப்பலகைகளை மாற்ற வந்த ஒப்பந்தப் பணியாளர்கள் கேபிள்களைக் கழற்றி, வேலை முடிந்ததும் மிகுந்த கவனத்தோடு மீண்டும் செருகினார்கள். ஆனால் இரண்டு கேபிள்கள் இடம் மாறிவிட்டன. அங்கு போர்ட் வழி ஸோனிங். இரண்டு சர்வர்களும் ஒரு பாதையை இழந்தன. மறுநாள் மற்றொரு ஃபேப்ரிக்கில் நடந்த பராமரிப்பின்போது, இருந்த ஒரே பாதையும் போய் இரண்டும் நின்றுவிட்டன. எந்த வட்டு எந்த சர்வருக்கு என்று ஸ்டோரேஜே காக்கும் லன் மாஸ்க்கிங் அடையாள எண் வழி இருந்ததால் ஒரு சர்வரின் வட்டில் மற்றது எழுதிவிடும் பேராபத்து நேரவில்லை. இருந்தும் காரணத்தைக் கண்டுபிடிக்க ஏழு மணி நேரம் ஆயிற்று, ஏனெனில் ஸோன் பட்டியலில் இருந்தவை வெறும் எண்கள்; எந்த எண் எந்த சர்வர் என்பதை விளக்கும் தாள் பழையதாகிவிட்டிருந்தது.

இதற்கு மேலும் இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, ஒரே அட்டையில் பல மெய்நிகர் அடையாளங்கள் இயங்கும் என்பிஐவி முறையைப் பயன்படுத்தும்போது, ஒரே துளைக்குப் பின்னால் பல மெய்நிகர் சர்வர்கள் இருக்கும். போர்ட் வழி ஸோனிங் அவற்றைப் பிரித்தறியாது. இரண்டாவது, போர்ட் வழி ஸோனிங் டொமைன் எண்ணைச் சார்ந்தது. சுவிட்சை மாற்றும்போது அந்த எண் மாறினால் எல்லா ஸோன்களும் ஒரே நேரத்தில் பொய்யாகிவிடும். எனவே அடையாள எண் வழியையே தேர்ந்தோம். ஒரு ஸோனில் ஒரே ஒரு சர்வர் அட்டை, அதனோடு அது பேச வேண்டிய ஸ்டோரேஜ் போர்ட்கள் என்று எழுதினோம். ஒவ்வோர் அடையாள எண்ணுக்கும் சர்வரின் பெயர், அட்டை எண், ஃபேப்ரிக் ஆகிய மூன்றும் தெரியும் புனைபெயர் இட்டோம். இரண்டு முறைகளையும் கலந்து எழுதுவதை மட்டும் எவரும் செய்ய வேண்டாம்: ஒரு கருவி போர்ட் வழி ஸோனிலும் அடையாள எண் வழி ஸோனிலும் இடம்பெற்றால், ப்ரோகேட் வகையில் ஒவ்வொரு ஃபிரேமையும் வன்பொருளே சரிபார்க்கும் காவல் தளர்ந்து, இணைப்பு தொடங்கும்போது மட்டும் சரிபார்க்கும் நிலைக்கு இறங்கிவிடும். எந்த ஸோனிலும் இல்லாத கருவிகளுக்கு எதையும் காட்டாத நிலையை இயல்புநிலையாக வைத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி நெல்லித்தோப்புக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் நடுவிலான இணைப்பு. இரு முனைகளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதே இங்கு முழுக் கேள்வியும் ஆகும். ஆகவே தானியங்கி நிலை மிகவும் பலவீனமாக நிற்கும் இடமும் இதுதான்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலை வழியே ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் என்று ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் ஃபைபர் சாலையைப் போல நேராகப் போவதில்லை. தொலைபேசி நிலையங்களுக்குள் நுழைந்து வெளிவந்து, பழுதுபார்ப்புக்கென விட்ட சுருள்களையும் சேர்த்து, எங்கள் இணைப்பு 34 கிலோமீட்டர் என்று அளவில் வந்தது. 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் வழக்கமான நெடுந்தூர எஸ்எஃப்பி 10 கிலோமீட்டர் வரைக்கே உரியது. எனவே ஒரே ஃபைபரில் பல அலைநீளங்களை அனுப்பும் டிடபிள்யூடிஎம் முறையில் சேவை நிறுவனம் தரும் அலைவரிசையை வாடகைக்குப் பெறுவது ஒரு வழி. சாதாரண ஈதர்நெட் இணைப்பின் மேல் எஃப்சிஐபி முறையில் ஃபைபர் சேனலைச் சுற்றிக் கட்டி அனுப்புவது மற்றொரு வழி. எஃப்சிஐபி வாடகையில் மலிவு. தரவு இழப்பு, தாமத ஏற்ற இறக்கம் ஆகியவற்றை அது, இழந்ததை மறுபடி அனுப்பும் டிசிபி நெறிமுறை வழியாகத் தாங்கிக்கொள்ளும். எழுதிய ஒவ்வொரு தரவும் கடலூரிலும் எழுதப்பட்ட பின்பே சர்வருக்கு விடை தரும் ஒத்திசைவு நகலாக்கம் எங்களுக்கு வேண்டியிருந்ததால், தாமதம் சீராக உள்ள டிடபிள்யூடிஎம் வழியைத் தேர்ந்தோம். சில நிமிடங்கள் பின்தங்கிய நகல் போதும் என்பவர்களுக்கு எஃப்சிஐபி தகுதியான தேர்வு. அவர்கள் இந்தப் பகுதியில் இனி வரும் கணக்குகளைத் தாண்டிச் செல்லலாம்.

ஒளி ஃபைபருக்குள் ஒரு கிலோமீட்டர் செல்ல 5 மைக்ரோசெகண்டு ஆகும். போய்வர 10. முழு அளவு ஃபிரேம் 2,148 பைட். அதை 8 ஜி வேகத்தில் அனுப்ப ஏறத்தாழ 2.5 மைக்ரோசெகண்டு. அதாவது, அனுப்பிய ஃபிரேமுக்கு விடை வருமுன் ஒரு கிலோமீட்டருக்கு நான்கு ஃபிரேம்கள் வழியில் இருந்தால்தான் கம்பி நிரம்பி ஓடும். 16 ஜி என்றால் எட்டு. 32 ஜி என்றால் பதினாறு. 34 கிலோமீட்டருக்கு இது முறையே 136, 272, 544 பஃபர் கிரெடிட்களாகிறது. ஒரு போர்ட்டில் எட்டே கிரெடிட்கள் இருக்கும் நிலையில் இந்த இணைப்பை எழுப்பினால், 8 ஜி என்று பெயருள்ள இணைப்பில் விநாடிக்கு ஏறத்தாழ 50 எம்பி மட்டுமே செல்லும். இணைப்பு எழும், பிழை எதுவும் காட்டாது, நகலாக்கம் மட்டும் பின்தங்கிக்கொண்டே போகும். நேர்ந்தபின் கண்டுபிடிக்க மிகவும் கடினமான வகைக் கோளாறு இது.

ப்ரோகேட் வகையில் இதற்கு நான்கு நிலைகள் உண்டு. எல் 0 என்பது அறைக்குள்ளான இணைப்புக்கான இயல்பு நிலை. எல்ஈ 10 கிலோமீட்டர் வரை. அதற்கு மேல், தூரத்தைச் சுவிட்சே அளந்து கிரெடிட்களை ஒதுக்கும் எல்டி நிலை, நாம் எழுதும் தூரத்துக்கு ஏற்ப ஒதுக்கும் எல்எஸ் நிலை என்று இரண்டு. இவை இரண்டுக்கும் தனி உரிமம் வேண்டும். பார்வைக்கு எல்டி சிறந்தது போலத் தோன்றும், அளவிடுவதில் அது தவறுவதும் இல்லை. எனினும் நான் எல்எஸ் பக்கமே நின்றேன். அளந்த தூரத்துக்கு முழு அளவு ஃபிரேம்களைக் கருதியே எல்டி கணக்கிடுகிறது. நகலாக்கத்தில் சிறு ஃபிரேம்கள் நிறைய வரும். சராசரி ஃபிரேம் பாதி அளவாக இருந்தால் இரண்டு மடங்கு கிரெடிட் தேவை. அது எங்கள் தரவின் இயல்பைப் பொறுத்தது; எந்த அளவீட்டாலும் சுவிட்சுக்குத் தெரியாது.

இன்னொரு காரணம் இந்த மண்ணைச் சார்ந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்து, கம்பங்களையும் மரங்களையும் சாய்த்ததை இங்குள்ள எவரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியதும், அடுத்த நாள்களில் தென்பெண்ணையாற்றில் வந்த வெள்ளமும் இன்னும் அண்மையவை. கடற்கரைப் பாதையில் ஃபைபர் அறுந்தால் சேவை நிறுவனம் எங்கள் அலைவரிசையை விழுப்புரம், பண்ருட்டி வழியாகச் சுற்றிவிடும். அந்தப் பாதை ஏறத்தாழ 95 கிலோமீட்டர் என்கிறார்கள். இந்தத் திருப்பம் மில்லிசெகண்டுகளில் நடந்து, சுவிட்ச் இணைப்பைப் புதிதாக எழுப்ப வேண்டிய தேவை இல்லாமலே போகக்கூடும். அப்போது எல்டி மறுபடி அளக்காது; 34 கிலோமீட்டருக்கு ஒதுக்கிய கிரெடிட்களோடு 95 கிலோமீட்டரில் ஓடும். புயலன்றுதான் கடலூர் நகல் நமக்கு மிகவும் தேவை; அன்றைக்கே அது மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்குச் சுருங்குவதை ஏற்க முடியாது.

ஆகவே எல்எஸ் நிலையில் நீண்ட பாதையின் தூரத்தையே எழுத முடிவுசெய்தோம். அப்படி எழுதும்போது வேகத் தேர்வு மீண்டும் வருகிறது. 95 கிலோமீட்டருக்கு 16 ஜி வேகத்தில் 760 கிரெடிட்கள், சிறு ஃபிரேம்களைக் கருதினால் 1,520. 8 ஜி வேகத்தில் இதில் பாதி. கிரெடிட்கள் சுவிட்சின் பொதுக் கையிருப்பிலிருந்து வருபவை. ஒரு போர்ட்டுக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றவற்றுக்குக் குறையும். எங்கள் நகலாக்கம் உச்ச நேரத்திலும் விநாடிக்கு 300 எம்பியைத் தாண்டியதில்லை. 800 எம்பி கொள்ளும் 8 ஜி இணைப்பு அதற்குத் தாராளம். 16 ஜி வேகத்தில் பிழைதிருத்தும் எஃப்ஈசி வசதி கிடைக்கும் என்பது உண்மை, அதை இழப்பதில் எனக்குத் தயக்கமும் இருந்தது. எனினும் வாடகை, கிரெடிட் இருப்பு இரண்டையும் பார்த்து 8 ஜி என்றே முடிவாயிற்று. வேகத்தை இரு முனைகளிலும் கையால் பதிந்தோம், ஏனெனில் நடுவிலுள்ள டிடபிள்யூடிஎம் கருவிகள் பல, வேகப் பேச்சுவார்த்தையை முனையிலிருந்து முனைக்குக் கடத்துவதில்லை. வாடகைக்கு எடுக்கும் எவரும், தம் சுவிட்ச் வகையோடு சோதித்து ஏற்கப்பட்ட கருவிதானா என்பதையும், அந்தக் கருவிக்குச் சுவிட்சின் கிரெடிட் விடை முறையை மாற்ற வேண்டுமா என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

ஒத்திசைவு நகலாக்கத்துக்கு நீண்ட பாதை வேறொரு விலையையும் கேட்கிறது. 34 கிலோமீட்டருக்குப் போய்வர 0.34 மில்லிசெகண்டு, 95 கிலோமீட்டருக்கு 0.95. ஓர் எழுத்துக்கு இரண்டு முறை போய்வரும் வகை ஸ்டோரேஜாக இருந்தால் இது கிட்டத்தட்ட 2 மில்லிசெகண்டாகும். இதைக் கிரெடிட்களால் குறைக்க முடியாது. பில் போடும் மென்பொருள் இதைத் தாங்குகிறதா என்று பார்த்து, தாங்கும் என்று தெரிந்த பின்பே இந்த முடிவை உறுதிசெய்தோம்.

டேப் நூலகத்தின் இயக்கிகளில் மூன்று 8 ஜி; அவற்றைச் சர்வர்களைப் போலவே தானியங்கி வேகத்தில் விட்டு, வட்டுக்கான ஸோன்களிலிருந்து பிரித்துத் தனி ஸோன்களில் வைத்தோம். நான்காவது, பழைய நாடாக்களைப் படிப்பதற்கென்றே வைத்திருக்கும் எல்டிஓ 4 தலைமுறை நாடா இயக்கி. அது 4 ஜி. 32 ஜி எஸ்எஃப்பியில் அது எழாது என்பதால், அந்த ஒரு போர்ட்டில் மட்டும் 16, 8, 4 ஆகிய வேகங்களை ஏற்கும் 16 ஜி எஸ்எஃப்பியைப் பொருத்தி, போர்ட்டின் பெயரிலேயே அதைக் குறித்துவைத்தோம்.

மாற்றங்களை முதலில் பி ஃபேப்ரிக்கில் செய்து, ஒரு வாரம் பிழைக் கணக்குகளைப் பூச்சியத்திலிருந்து எண்ணவிட்டு, வழியில் தரவு சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழையோ எறியப்பட்ட ஃபிரேமோ இல்லை என்று கண்ட பின்பே ஏ ஃபேப்ரிக்கைத் தொட்டோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது எங்கள் கெடு. கடலூர் இணைப்புக்கு இப்போது எழுதியிருக்கும் 95 கிலோமீட்டர், சேவை நிறுவனத்தின் வாய்ச்சொல்லை நம்பி எழுதியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவர்கள் அலைவரிசையை விழுப்புரம் வழியாகத் திருப்பிக் காட்டி, நாங்கள் தாமதத்தை அளந்த பின்பே அந்த எண் எங்கள் பதிவேட்டில் ஏறும்.